படிக அணிக்கோவைகளின் சமச்சீர்மை வகைப்பாடு: பதினைந்து பதினான்கான வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

படிகங்களை ஏழு தொகுதிகள், 14 அணிக்கோவைகள், 32 படிக வகுப்புகள், 230 வெளிக்குலங்கள் எனப் பகுக்கும் முறை இன்று இயற்பியல், வேதியியல், கனிமவியல் பாடநூல்களில் நிலைபெற்றுள்ளது. இவ்வெண்கள் ஒரே முயற்சியில் கிடைத்தவை அல்ல. 15 என்பது 14 ஆயிற்று. 66 என்பது 65 ஆயிற்று. 227, 229 என்னும் இரு வேறு கணக்குகள் 230-இல் வந்து ஒன்றின. இத்திருத்தங்கள் வெறும் கூட்டல் பிழைகளின் நீக்கம் அல்ல என்பதும், எந்த இரண்டு அமைப்புகளை ஒன்றெனக் கொள்வது என்னும் வரையறை தெளிவடைந்ததன் விளைவே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். 1611 முதல் 1992 வரையிலான முதன்மை நிகழ்வுகளின் வழி இக்கருத்து நிறுவப்படுகிறது. அச்சு நீளங்களையும் கோணங்களையும் கொண்ட அட்டவணையின் மூலம் படிகத் தொகுதிகளைக் கற்பிக்கும் வழக்கம் இவ்வரலாற்றின் எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: படிகவியல் வரலாறு, சமச்சீர்மை, அணிக்கோவை, பிராவே, வெளிக்குலம், குவாசிப்படிகம்

1. முன்னுரை

படிகம் என்பது அணுக்களோ அயனிகளோ மூலக்கூறுகளோ மூன்று திசைகளிலும் ஒழுங்காக மீள மீள அடுக்கப்பட்ட திண்மம் என்பது பொதுவான விளக்கம். அவ்வடுக்கின் மீள்தன்மையை மட்டும் பிரித்தெடுத்து, ஒத்த சூழலுடைய இடங்கள் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகக் குறித்தால் கிடைக்கும் புள்ளிகளின் ஒழுங்கே அணிக்கோவை எனப்படும். எனவே அணிக்கோவை வேறு, படிகம் வேறு. அணிக்கோவை என்பது படிகத்தின் மீள்தன்மையைக் காட்டும் கணித வடிவம். அதன் ஒவ்வொரு புள்ளியோடும் பொருந்தி நிற்கும் அணுக்கூட்டமும் சேரும்போதே அது படிகமாகிறது.

இவ்வேறுபாட்டை அறிவியல் உலகம் உணர்வதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அணுக்களின் அடுக்கை நேரில் காட்டும் சான்று 1912-இல்தான் கிடைத்தது. ஆனால் அவ்வடுக்கு எத்தனை வகையாக இருக்க இயலும் என்னும் கணக்கு 1892 வாக்கிலேயே முடிந்துவிட்டது. காணாத பொருளுக்கு முன்கூட்டியே எழுதப்பட்ட முழுமையான பட்டியல் என்ற வகையில் இது அறிவியல் வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. அப்பட்டியல் எவ்வாறு உருவாயிற்று, அதன் எண்கள் ஏன் மாறி மாறி வந்தன என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. புறவடிவும் உள்ளமைப்பும்

யோகான்னஸ் கெப்ளர் பிராகா நகரில் இருந்தபோது, 1611-இல் ஒரு புத்தாண்டுப் பரிசாக ஆறுமூலைப் பனித்துகளைப் பற்றிய சிறுநூலை எழுதினார். பனித்துகள் ஏன் எப்போதும் ஆறு கைகளுடன் தோன்றுகிறது, ஐந்தாகவோ ஏழாகவோ ஏன் அமைவதில்லை என்பது அவர் எழுப்பிய வினா. உருண்டைகளை நெருக்கமாக அடுக்கும் முறைகளை அவர் ஆராய்ந்து பார்த்தாரெனினும் முடிவான விடையை எட்டவில்லை. ஆயினும் புறவடிவின் காரணத்தை உள்ளடுக்கில் தேடும் வழியை அந்நூல் திறந்து வைத்தது.

1669-இல் நிக்கோலஸ் ஸ்டெனோ குவார்ட்சுப் படிகங்களை ஆராய்ந்து, முகங்களின் அளவும் வடிவமும் வேறுபட்டாலும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணங்கள் மாறுவதில்லை எனக் கண்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், கராஞ்சோ உருவாக்கிய தொடுகோணமானியின் துணைகொண்டு பல கனிமங்களை அளந்த ரோமே த லீல் 1783-இல் அதனைப் பொதுவிதியாக நிறுவினார். படிகத்தில் நிலையானது முகத்தின் பரப்பு அன்று, கோணமே என்பது இதனால் உறுதியாயிற்று. எவை வேறுபட்டாலும் இரு படிகங்களை ஒன்றெனக் கொள்ளலாம் என்னும் வினாவுக்குக் கிடைத்த முதல் தெளிவான விடை இதுவே.

கோணங்களின் நிலைத்தன்மைக்குக் காரணம் கூற முற்பட்டவர் பிரெஞ்சுப் பாதிரியார் ரெனே ஜூஸ்ட் அயூயி. கால்சைட்டுப் படிகம் எவ்வடிவில் இருந்தாலும் உடைக்கும்போது ஒரே சாய்சதுரமுகக் கட்டியாகவே பிளவுறுவதை அவர் கண்டார். மீண்டும் மீண்டும் பிளந்து சென்றால் இனிப் பிளக்க இயலாத நுண்கட்டி ஒன்று எஞ்சும் என்றும், அத்தகைய கட்டிகளின் அடுக்கே படிகம் என்றும் 1784-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அடுக்குதோறும் முழுஎண் வரிசைகள் குறைந்துகொண்டே செல்வதால் சாய்ந்த முகங்கள் தோன்றுகின்றன. கனசதுரக் கட்டிகளைப் படிக்கட்டுப் போல அடுக்கி, பைரைட்டின் ஐங்கோணப் பன்னிருமுகியை அவர் வரைந்து காட்டிய படம் புகழ்பெற்றது. அப்பன்னிருமுகியின் ஐங்கோணங்கள் ஒழுங்கான ஐங்கோணங்கள் அல்ல. ஒழுங்கான பன்னிருமுகிக்குத் தேவையான சாய்வை முழுஎண் விகிதங்களால் பெற இயலாது. ஆகவே அயூயியின் விதிப்படி அது படிகமாக உருவாகவே இயலாது. இந்தத் தடை இரு நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் பேசுபொருளாயிற்று.

3. அச்சுகளின் வழியும் சமச்சீர்மையின் வழியும்

அயூயியின் நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர்களுள் ஒருவரான கிறிஸ்டியான் சாமுவேல் வைஸ் அவருடைய நுண்கட்டிக் கொள்கையை ஏற்கவில்லை. கண்ணுக்குப் புலனாகாத கட்டிகளைக் கற்பனை செய்வதைவிட, படிகத்தின் வழியே செல்லும் திசைகளையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1815-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று அல்லது நான்கு அச்சுகளை நிறுவி, அவற்றின் நீளங்கள் சமமா சமமற்றவையா என்பதைக் கொண்டு படிகங்களைத் தொகுதிகளாகப் பகுத்தார். பிரீட்ரிக் மோஸ் 1820-களில் சாய்ந்த அச்சுகளை உடைய தொகுதிகளையும் சேர்த்தார். இன்று ஒற்றைச்சரிவு, முச்சரிவு என வழங்கப்படுபவை அவையே.

சமநீள அச்சுகள், செங்கோணங்கள் எனத் தொடங்கி, எவையும் சமமல்ல என்பதில் முடியும் இன்றைய பாடநூல் அட்டவணை இம்மரபின் வழிவந்ததாகும். அளவீட்டை முதன்மையாகக் கொண்ட இவ்வழி கையாள எளிதானது. ஆயினும் அது அடையாளத்தைக் கூறுகிறதேயன்றிக் காரணத்தைக் கூறுவதில்லை.

இதற்கு இணையாக வேறொரு வழியும் உருவாயிற்று. 1830-இல் மார்பர்க் நகரப் பேராசிரியர் ஹெசல், ஓர் உருவத்தை அதன் மீதே பொருத்தும் செயல்கள் எவை என்னும் வினாவைத் தொடக்கமாகக் கொண்டார். ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றுதல், ஒரு தளத்தில் ஆடிபோல் எதிரொளித்தல், ஒரு மையத்தின் வழியே தலைகீழாக்குதல் ஆகியன அச்செயல்கள். படிகங்களுக்குப் பொருந்தக்கூடிய சுழற்சி அச்சுகளை மட்டும் கொண்டால் இச்செயல்கள் 32 விதமாகவே ஒன்றுசேர இயலும் என அவர் மெய்ப்பித்தார். இன்று 32 படிக வகுப்புகள் எனப்படுபவை இவை. ஓர் இயற்பியல் அகராதியின் கட்டுரையாக வெளியான அம்முடிவு பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1867-இல் ரஷ்யப் படையின் பீரங்கித் துறை அதிகாரியான அக்செல் கடோலின் ஹெசலின் பணியை அறியாமலேயே அதே 32 வகுப்புகளை மீண்டும் கண்டறிந்தார். ஒரே முடிவு இருமுறை கண்டறியப்பட்டது என்பது அக்காலத்து அறிவுப் பரவலின் குறையைக் காட்டுகிறது. அதேவேளை 32 என்னும் எண் ஆய்வாளரின் விருப்பத்தைச் சார்ந்தது அன்று என்பதையும் உணர்த்துகிறது.

4. கட்டி புள்ளியாதல்

நுண்கட்டிகளின் அடுக்கு என்னும் அயூயியின் கொள்கைக்கு வேறு இடர்களும் இருந்தன. இடைவெளியின்றி அடுக்கப்பட்ட கட்டிகளால் ஆன திண்மம் வெப்பத்தால் விரிவதும் அழுத்தத்தால் சுருங்குவதும் எவ்வாறு என்பது விளங்கவில்லை. 1824-இல் லுட்விக் ஸீபர் ஒவ்வொரு கட்டியின் இடத்திலும் ஒரு சிறு உருண்டையை வைத்து, இடைவெளியுடன் கூடிய அடுக்காகப் படிகத்தைக் காட்டினார். 1831-இல் ஸீபரின் கணித நூலொன்றுக்கு மதிப்புரை எழுதிய காவுஸ், எண்கணிதத்தில் வரும் இருபடி வடிவங்களை வெளியில் பரந்த புள்ளிகளின் ஒழுங்காகக் காணலாம் எனச் சுட்டினார். கட்டியின் வடிவம் மறைந்து, அதன் இடம் மட்டும் எஞ்சியது. அணிக்கோவை என்னும் கருத்தின் பிறப்பு இதுவே எனலாம்.

புள்ளிகளின் ஒழுங்கு எனக் கொண்டவுடன் ஒரு கடுமையான கட்டுப்பாடு வெளிப்படுகிறது. அணிக்கோவையில் மிக அண்மையில் உள்ள இரு புள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். முதற்புள்ளியை மையமாக வைத்து இரண்டாவதை ஒரு கோணத்தில் சுழற்றினால் ஒரு புதிய புள்ளி கிடைக்கும். இரண்டாவதை மையமாக வைத்து முதலாவதை எதிர்த்திசையில் அதே கோணத்தில் சுழற்றினால் மற்றொரு புள்ளி கிடைக்கும். அச்சுழற்சி அணிக்கோவையின் சமச்சீர்மையாயின் இவ்விரு புதிய புள்ளிகளும் அணிக்கோவையிலேயே இருத்தல் வேண்டும். அவற்றை இணைக்கும் கோடு முதற்கோட்டுக்கு இணையானது. ஆதலால் அதன் நீளம் முதல் இடைவெளியின் முழுஎண் மடங்காக இருந்தாக வேண்டும். இதிலிருந்து, சுழற்சிக் கோணத்தின் கோசைன் மதிப்பின் இருமடங்கு ஒரு முழுஎண்ணாக வேண்டும் என்பது பெறப்படுகிறது. அதனை நிறைவு செய்யும் கோணங்கள் 360, 180, 120, 90, 60 பாகைகள் மட்டுமே. ஐந்துமடிச் சுழற்சிக்குரிய 72 பாகையின் கோசைன் மதிப்பின் இருமடங்கு ஏறத்தாழ 0.618, அது முழுஎண் அன்று. எனவே அணிக்கோவையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறுமடி அச்சுகள் மட்டுமே அமையும். கெப்ளரின் வினாவில் ஐந்தும் ஏழும் விலக்கப்படுவதற்கான வடிவியல் காரணம் இங்குக் கிடைக்கிறது.

5. பதினைந்தும் பதினான்கும்

அணிக்கோவைகள் எத்தனை என எண்ண முற்பட்டவர் பிரெஸ்லாவ் நகரத்து இயற்பியலாளர் பிராங்கன்ஹைம். அவர் 15 வகைகள் உண்டெனக் கணக்கிட்டார். அக்கணக்கைத் திருத்தி 14 என நிறுவியவர் ஒகுஸ்த் பிராவே. தம் ஆய்வை 1848-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்த அவர், 1850-இல் அதனை அச்சில் வெளியிட்டார்.

பிராவே கணிதத்தில் பயிற்சி பெற்ற கடற்படை அதிகாரி. அல்ஜீரியக் கடற்கரை அளவைப் பணியிலும், வடதுருவப் பகுதிக்குச் சென்ற அறிவியல் பயணத்திலும் பங்குகொண்டவர். தாவரவியலரான தம் உடன்பிறந்தார் லூயியுடன் சேர்ந்து, தண்டில் இலைகள் சுருளாக அமையும் முறையை 1837-இல் ஆராய்ந்து வெளியிட்டார். தண்டை ஓர் உருளையாகக் கொண்டு அதனை விரித்தால், இலைகள் தோன்றும் இடங்கள் சமதளத்தில் ஒரு புள்ளி ஒழுங்காக அமையும். அதே புள்ளிகளைப் பல வேறு சுருள்களாகப் பார்க்க இயலும் என்பது அவ்வாய்வில் வெளிப்பட்டது. புள்ளிகளின் கூட்டம் ஒன்றே. அவற்றை இணைக்கும் கோடுகள் மட்டுமே பார்ப்பவரின் தெரிவு என்னும் நோக்கு படிக ஆய்விலும் அவருக்கு அடிப்படையாக அமைந்தது.

பிராங்கன்ஹைமின் பிழையை இந்நோக்கின் வழியே விளங்கிக்கொள்ளலாம். ஓர் அணிக்கோவையைக் குறிக்க ஓர் அலகுக்கூடு தேவை. அலகுக்கூட்டின் மூலைகளில் மட்டும் புள்ளிகள் அமையலாம். அதன் நடுவில் ஒரு புள்ளி கூடுதலாக அமையலாம். எதிரெதிரான இரு முகங்களின் நடுவில் அமையலாம். எல்லா முகங்களின் நடுவிலும் அமையலாம். கூட்டின் ஒவ்வொரு வடிவத்துக்கும் இந்நான்கு முறைகளையும் பொருத்திப் பார்த்தால் பட்டியல் நீண்டுவிடும். ஆனால் அவற்றுட் பல, ஒரே புள்ளிக் கூட்டத்துக்கு வரையப்பட்ட வெவ்வேறு கூடுகளே. நாற்கோணகத் தொகுதியில் முகமையக் கூட்டின் அச்சுகளை 45 பாகை திருப்பி எடுத்தால் அதுவே சிறிய உள்மையக் கூடாகத் தோன்றும். ஒற்றைச்சரிவுத் தொகுதியில் உள்மையக் கூடும் இருமுக மையக் கூடும் அச்சுகளை மாற்றி எடுத்தால் ஒன்றாகிவிடும். பிராங்கன்ஹைம் தனித்தனியே எண்ணிய ஒற்றைச்சரிவு அணிக்கோவைகளுள் இரண்டு உண்மையில் ஒன்றே. கனசதுரத் தொகுதியில் வேறொரு தடை உள்ளது: ஒரு சோடி முகங்களில் மட்டும் மையப்புள்ளி வைத்தால் மூலைவிட்டங்களின் வழியே செல்லும் மும்மடி அச்சுகள் அழிந்துவிடும், அது பின்னர்க் கனசதுரமாக எஞ்சாது.

இவ்வாறு களைந்தபின் முச்சரிவில் 1, ஒற்றைச்சரிவில் 2, செஞ்சாய்சதுரத்தில் 4, நாற்கோணகத்தில் 2, சாய்சதுரமுகத்தில் 1, அறுகோணகத்தில் 1, கனசதுரத்தில் 3 என 14 எஞ்சுகின்றன. 15 என்னும் எண் வரையப்பட்ட கூடுகளை எண்ணியது. 14 என்னும் எண் புள்ளிக் கூட்டங்களை அவற்றின் சமச்சீர்மையால் எண்ணியது. எண்ணும் பொருள் எது என்பது தெளிவானபோதே எண்ணிக்கையும் நிலைபெற்றது.

6. அறுபத்தாறிலிருந்து இருநூற்று முப்பதுக்கு

பிராவேயின் கொள்கையில் ஒரு வரம்பு இருந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள மூலக்கூறுகள் யாவும் ஒரே திசையை நோக்கி நிற்பதாக அவர் கொண்டார். 1879-இல் லியோன்ஹார்ட் சோன்கே இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பார்த்தால் சுற்றுப்புறம் ஒன்றுபோல் தோன்ற வேண்டும். ஆனால் அத்தோற்றம் திரும்பிய நிலையிலும் இருக்கலாம் என்பது அவர் வரையறை. இதனால் திருகு அச்சு என்னும் புதிய சமச்சீர்மை இடம்பெற்றது. சுழற்படிக்கட்டில் ஏறுவதுபோல, சுழற்சியும் அச்சின் வழியான நகர்வும் ஒருங்கே நிகழ்வது அது. கமீல் ஜோர்தான் 1860-களின் இறுதியில் இயக்கங்களின் குலங்களைப் பற்றி எழுதிய கணித ஆய்வு சோன்கேக்குத் துணைநின்றது. அவர் 66 ஒழுங்குகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் இரண்டு ஒன்றே எனப் பின்னர்த் தெரியவந்ததால் எண்ணிக்கை 65 ஆயிற்று. பிராங்கன்ஹைமுக்கு நேர்ந்ததே சோன்கேக்கும் நேர்ந்தது.

சோன்கே சுழற்சியையும் நகர்வையும் மட்டுமே கொண்டார். ஆடி எதிரொளிப்பைச் சேர்க்கவில்லை. அதனைச் சேர்த்து, எதிரொளிப்பும் நகர்வும் இணைந்த வழுக்குத் தளங்களையும் கணக்கில் கொண்டால் எத்தனை ஒழுங்குகள் கிடைக்கும் என்னும் வினாவை இருவர் தனித்தனியே கையாண்டனர். ஒருவர் ரஷ்யப் படிகவியலாளர் எவ்கிராப் பெதரோவ். மற்றவர் ஜெர்மன் கணிதவியலாளர் ஆர்தர் ஷோன்ஃபிளீஸ். இருவருடைய நூல்களும் 1891-இல் வெளிவந்தன. பெதரோவ் உருவங்களின் வடிவியலிலிருந்து தொடங்கினார். ஷோன்ஃபிளீஸ் குலக் கொள்கையிலிருந்து தொடங்கினார்.

இருவருடைய முதற்பட்டியல்களும் பிழையுடையன. பெதரோவின் பட்டியலில் இரண்டு விடுபட்டு, ஒன்று இருமுறை இடம்பெற்றதால் எண்ணிக்கை 229 ஆயிற்று. ஷோன்ஃபிளீஸின் பட்டியலில் நான்கு விடுபட்டு, ஒன்று இருமுறை இடம்பெற்றதால் எண்ணிக்கை 227 ஆயிற்று. கனசதுரத் தொகுதியைச் சேர்ந்த ஒரு வெளிக்குலம் இருவர் கணக்கிலுமே விடுபட்டிருந்தது. இருவரும் கடிதங்களின் வழி தங்கள் பட்டியல்களை ஒப்பிட்டுத் திருத்தி, 1892 வாக்கில் 230 என்னும் எண்ணில் உடன்பட்டனர். இங்கிலாந்தில் முறையான கல்விப்புலப் பதவி எதுவுமின்றி ஆய்வு செய்த வில்லியம் பார்லோ 1894-இல் மூன்றாவது வழியொன்றில் இதே சிக்கலை அணுகினார்.

இரு வேறு முறைகளில் பெற்ற பட்டியல்களை ஒப்பிட்டிராவிடில் இப்பிழைகள் நெடுங்காலம் நீடித்திருக்கக்கூடும். வகைப்பாட்டின் முழுமை ஒருவரின் கூர்மையால் மட்டும் உறுதிப்படவில்லை; ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்ததால் உறுதிப்பட்டது.

230 என்னும் எண்ணும் ஒரு வரையறையைச் சார்ந்தே நிற்கிறது. வலக்கையும் இடக்கையும் போல ஒன்றன் ஆடித் தோற்றமாக மற்றொன்று அமையும் 11 சோடிகள் அவற்றுள் உண்டு. ஒவ்வொரு சோடியையும் ஒன்றெனக் கொண்டால் எண்ணிக்கை 219 ஆகும். குவார்ட்சு இதற்குத் தக்க சான்று. அதன் அணுக்கள் வலத்திருகாகவும் அமையும், இடத்திருகாகவும் அமையும். அவ்விரண்டும் முனைவாக்கப்பட்ட ஒளியின் தளத்தை எதிரெதிர்த் திசைகளில் திருப்புகின்றன. இயற்பியல் விளைவு வேறுபடுவதால் படிகவியலார் அவற்றை இரண்டாகவே எண்ணுகின்றனர். நோக்கம் வேறாயின் ஒன்றெனவும் கொள்ளலாம். இரு எண்களும் பிழையற்றவை. அவை விடையளிக்கும் வினாக்களே வேறு.

7. சான்று கிடைத்த ஆண்டு

இத்துணை விரிவான பட்டியல் இருந்தும், அணிக்கோவை மெய்யாக உள்ளதா என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. மியூனிக் நகரில் சோன்கேயும் கனிமவியல் பேராசிரியர் குரோத்தும் பணியாற்றியதால் அங்கு அணிக்கோவைக் கருத்து வழக்கில் இருந்தது. 1912-இன் தொடக்கத்தில் பால் எவால்டு என்னும் ஆய்வு மாணவருடன் உரையாடிய மாக்ஸ் ஃபான் லாவே, அணிக்கோவையின் இடைவெளியும் எக்ஸ் கதிரின் அலைநீளமும் ஏறத்தாழ ஒத்த அளவினவாயின் விளிம்பு விளைவு தோன்ற வேண்டும் எனக் கருதினார். பிரீட்ரிக், க்னிப்பிங் ஆகிய இருவரும் அவ்வாண்டிலேயே சோதனையை நிகழ்த்தினர். முதலில் பயன்பட்ட தாமிர சல்பேட்டு முச்சரிவுத் தொகுதியைச் சார்ந்தது. சமச்சீர்மை மிகக் குறைந்தது. ஆதலால் கிடைத்த புள்ளிகள் ஒழுங்கற்றுத் தோன்றின. கனசதுரத் தொகுதியைச் சார்ந்த துத்தநாக சல்பைடைத் தக்க திசையில் வைத்தபோது புள்ளிகள் நான்குமடிச் சமச்சீர்மையுடன் தட்டில் பதிந்தன.

1913-இல் இளைய பிராக் சாதாரண உப்பின் அமைப்பை வெளியிட்டார். அதில் சோடியமும் குளோரினும் மாறி மாறி நிற்கின்றனவேயன்றி, உப்பு மூலக்கூறு எனத் தனித்த ஒன்று இல்லை. இவ்வமைப்பைப் பார்லோ 1883-லேயே ஊகித்திருந்தார். 1919-இல் பால் நிக்லி வெளிக்குலங்களை எக்ஸ் கதிர் ஆய்வோடு பொருத்தும் முறையை நூலாக்கினார். 1935-இல் பன்னாட்டு அட்டவணைகளின் முதற்பதிப்பு வெளிவந்தது. கணிதப் பட்டியல் ஆய்வகக் கருவியாக மாறியது இவ்வாறே.

8. அட்டவணையால் நேரும் மயக்கம்

ஏழு தொகுதிகள் எனக் கூறும்போது இரு வேறு பகுப்புகள் கலந்துவிடுவதுண்டு. படிகத்தின் சமச்சீர்மையைக் கொண்டு பகுத்தால் முக்கோணகம், அறுகோணகம் ஆகிய இரண்டும் தனித்தனித் தொகுதிகள். அணிக்கோவையின் சமச்சீர்மையைக் கொண்டு பகுத்தால் சாய்சதுரமுகம், அறுகோணகம் ஆகிய இரண்டும் தனித்தனி. இரண்டிலும் எண்ணிக்கை ஏழே; ஆயினும் உறுப்புகள் ஒன்றல்ல. கால்சைட்டு முக்கோணகத் தொகுதியைச் சேர்ந்தது. அதன் அணிக்கோவை சாய்சதுரமுகம். குவார்ட்சும் முக்கோணகத் தொகுதியைச் சேர்ந்ததே. ஆனால் அதன் அணிக்கோவை அறுகோணகம். முக்கோணகத் தொகுதியின் 25 வெளிக்குலங்களுள் சாய்சதுரமுக அணிக்கோவை உடையவை 7 மட்டுமே. ஏனைய 18-இன் அணிக்கோவை அறுகோணகமாகும். முக்கோணகமும் சாய்சதுரமுகமும் ஒன்றெனக் கற்பிக்கும்போது குவார்ட்சின் இடம் விளங்காமற் போகிறது.

அச்சு நீளங்களையும் கோணங்களையும் வரையறையாகக் கொள்வதிலும் இத்தகைய இடர் உண்டு. ஒற்றைச்சரிவுத் தொகுதியில் ஒரு கோணம் 90 பாகையன்று என அட்டவணை கூறும். ஆனால் அக்கோணம் அளவீட்டில் 90 பாகையாகவே தோன்றும் படிகமும் இருக்கலாம். அதன் அணுக்களின் அடுக்கில் ஒரே ஓர் இருமடி அச்சோ, ஓர் ஆடித்தளமோ மட்டும் இருப்பின் அது ஒற்றைச்சரிவே. கோணம் தற்செயலானது, சமச்சீர்மையே வரையறை. செம்மையாகக் கூறின், அக்கோணம் எம்மதிப்பையும் பெறலாம் என்பதே பொருளன்றி, 90 ஆகக் கூடாது என்பது அன்று.

கனசதுரத் தொகுதிக்கு நான்குமடி அச்சு இன்றியமையாதது என்னும் எண்ணமும் இதைப் போன்றதே. பைரைட்டின் கனசதுர முகங்களில் காணப்படும் மெல்லிய வரிகள் ஒரு திசையில் மட்டும் செல்லும். அடுத்த முகத்தில் அவை அதற்குச் செங்குத்தாக அமையும். அம்முகத்தை 90 பாகை திருப்பினால் வரிகள் பொருந்துவதில்லை. ஆகவே பைரைட்டில் நான்குமடி அச்சு இல்லை. ஆயினும் அது கனசதுரத் தொகுதியைச் சேர்ந்ததே. அத்தொகுதியின் இன்றியமையாத அடையாளம் மூலைவிட்டங்களின் வழியே செல்லும் நான்கு மும்மடி அச்சுகளாகும். அதன் அணிக்கோவைக்கு மட்டும் நான்குமடி அச்சு உண்டு. அணிக்கோவையின் சமச்சீர்மை படிகத்தின் சமச்சீர்மையைவிட உயர்ந்திருக்கலாம் என்பதற்கு வகுப்பறையில் காட்டத்தக்க எளிய சான்று இதுவே.

வைஸ் வகுத்த அச்சுமுறை அவர் காலத்துக்கு ஏற்ற கருவி. கோணமானி மட்டுமே கையில் இருந்த நாளில் அளக்கத்தக்கதைக் கொண்டு பகுப்பதே இயல்வதாக இருந்தது. ஹெசலுக்கும் பிராவேக்கும் பின்னரும் அக்கருவியையே வரையறையாகக் கொள்வது, பின்னர் நேர்ந்த தெளிவைக் கைவிடுவதாகும்.

9. விலக்கப்பட்ட ஐந்தின் வருகை

1982 ஏப்ரல் 8 அன்று டான் ஷெக்ட்மன், விரைந்து குளிர்விக்கப்பட்ட அலுமினியம் மாங்கனீசு உலோகக் கலவையின் மின்னணு விளிம்புத் தோற்றத்தில் பத்துமடிச் சமச்சீர்மையைக் கண்டார். கூர்மையான புள்ளிகள் நீண்ட ஒழுங்கைக் காட்டின. பத்துமடியோ அணிக்கோவையில் இயலாதது. கடும் எதிர்ப்புகளுக்கு இடையே இம்முடிவு 1984 நவம்பரில் வெளியாயிற்று. அவருக்கு 2011-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கு வடிவியல் நிரூபணம் எதுவும் பொய்க்கவில்லை. அணிக்கோவையில் ஐந்துமடி அச்சு அமையாது என்பது இன்றும் உண்மையே. பொய்த்தது, ஒழுங்குடைய திண்மம் யாவும் அணிக்கோவையை உடையது என்னும் நிரூபிக்கப்படாத கருதுகோள். மீளாமலும் ஒழுங்கு இருக்க இயலும் என்பதை ரோஜர் பென்ரோசு 1970-களில் அமைத்த ஓட்டுப் பரப்புகள் முன்னரே காட்டியிருந்தன. 1992-இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் படிகத்தின் வரையறையை மாற்றியது. அடிப்படையில் தனித்தனிப் புள்ளிகளாலான விளிம்புத் தோற்றம் தரும் திண்மம் எதுவும் படிகமே என்பது புதிய வரையறையின் சாரம். மீள்தன்மை என்னும் நிபந்தனை அதில் இடம்பெறவில்லை. 14, 230 ஆகிய எண்கள் மாறவில்லை. அவை ஆளும் எல்லை மட்டுமே குறுகியது.

10. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, அணிக்கோவை வகைப்பாட்டின் ஒவ்வொரு திருத்தமும் ஒன்றெனக் கொள்வதற்கான அளவுகோல் தெளிவடைந்ததன் விளைவாகும். கூட்டை எண்ணுவதா புள்ளிக் கூட்டத்தை எண்ணுவதா என்பது தெளிந்தபோது 15 என்பது 14 ஆயிற்று. ஆடித் தோற்றத்தை வேறெனக் கொள்வதா ஒன்றெனக் கொள்வதா என்பதைப் பொறுத்து 230 என்றும் 219 என்றும் அமைகிறது. இரண்டாவதாக, பிழைகள் பெரும்பாலும் ஒருவர் முடிவை மற்றவர் வேறு வழியில் மீளாய்வு செய்தபோதே நீங்கின. மூன்றாவதாக, கணிதம் நிறுவிய தடைக்கும் மரபாக ஏற்கப்பட்ட கருதுகோளுக்கும் உள்ள வேறுபாடு 1982-க்குப் பின்னரே முழுமையாக உணரப்பட்டது.

எண்களை மனப்பாடமாகத் தரும் கற்பித்தலில் இம்மூன்றும் மறைந்துவிடுகின்றன. பதினான்கு ஏன் பதினைந்து அன்று என்னும் வினாவை மாணவர் முன் வைப்பின், அட்டவணையாக மட்டும் தெரிந்த ஒரு பாடம் அவர்களே செய்து பார்க்கத்தக்க ஆய்வாக மாறும். நாற்கோணகத்தின் முகமையக் கூட்டை ஒரு தாளில் வரைந்து, அச்சுகளை 45 பாகை திருப்பிப் பார்த்தலே அதற்குப் போதிய தொடக்கமாகும்.